வாய்க்கால் வரப்புத் தகராறு

நுண்பாய்மச் சிப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் ஒரு வரி வரும்: "பின்னர் அடுக்குகள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒட்டப்பட்டன." அவ்வளவுதான். மனசு வந்தவர்கள் எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று சேர்த்து எழுதுவார்கள். அந்த வரிக்கு முன்னால் வடிவமைப்பைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கும். பின்னால் எந்தத் திரவம் எந்த வேகத்தில் ஓடியது, என்ன தெரிந்தது என்று ஆறேழு பக்கம் இருக்கும். நடுவில் இந்த ஒற்றை வரி, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் உட்கார்ந்திருக்கும். நான் கிட்டத்தட்ட நான்கு மாதம் அந்த வரிக்குள்ளேதான் குடியிருந்தேன். வெளியே வந்து வெகுநாள் ஆகியும் எரிச்சல் தணியவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

நுண்பாய்மச் சிப் என்றால், மயிரிழைபோல் மெல்லிய பாதைகளில் துளித் துளியாகத் திரவத்தை ஓட்டிப் பார்க்கிற சின்னத் தகடு. அந்தப் பாதையைப் பேச்சில் சேனல் என்றுதான் சொல்கிறோம், ஆனால் தமிழில் எழுத உட்கார்ந்தால் எனக்கு வாய்க்கால் என்றுதான் கை போகிறது. அதனால் இங்கே வாய்க்கால். எங்கள் சிப்புக்கு மூன்று அடுக்கு. அடியில் ஒரு மில்லிமீட்டர் தடிமனில் அக்ரிலிக் தகடு, அதாவது பிஎம்எம்ஏ. அதன்மேல் 125 மைக்ரான் அக்ரிலிக் ஃபிலிம் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). இதில்தான் வாய்க்கால்களை லேசர் வைத்து மேலிருந்து கீழ்வரை முழுசாக வெட்டி எடுத்துவிடுவோம். அதற்கும் மேலே இன்னொரு 125 மைக்ரான் ஃபிலிம், அது மூடி. தண்ணீர் போய்வர மூடியில் துளைகள். இந்த முறையில் எனக்குப் பிடித்ததே ஆழத்தைப் பற்றிக் கவலை இல்லை என்பதுதான். நடு ஃபிலிமின் தடிமன் எவ்வளவோ அதுதான் வாய்க்காலின் ஆழம், குடைந்து குடைந்து அளந்து பார்க்கிற வேலை கிடையாது. மூடியை மெல்லிசாக வைத்ததற்கும் காரணம் உண்டு. நுண்ணோக்கியின் பெரிய லென்ஸ்கள் பெரும்பாலும் 0.17 மில்லிமீட்டர் கவர் கண்ணாடியைக் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டவை. தடித்த தகட்டை மேலே போட்டு மூடினால் உள்ளே ஓடுகிற உயிர்ச்செல்லைத் தெளிவாகப் பார்க்கவே முடியாது.

முதல் சிப்பை வெட்ட ஐந்து நிமிடம் ஆனது, ஒட்ட அரை மணி நேரம். சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரைச் சிரிஞ்ச் பம்பில் ஏற்றி ஓட விட்டேன். வாய்க்கால் சிவந்தது, அழகாக இருந்தது, படம்கூட எடுத்தேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் வாய்க்காலின் இரு பக்கமும் பூனைமீசை மாதிரி மெல்லிய இளஞ்சிவப்பு இழைகள். சாயம் அடுக்குகளுக்கு நடுவே ஊர்ந்திருக்கிறது. பம்பை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய் மறுநாள் காலையில் வந்தேன். மீசை வளர்ந்திருந்தது. பம்பே ஓடாதபோது எது தண்ணீரைத் தள்ளியது என்று அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "ஒட்டு போதவில்லை" என்று நோட்டில் எழுதி, அடிக்கோடு போட்டேன். அந்த அடிக்கோட்டின் விலை நான்கு மாதம்.

கையைக் கெடுத்த ரப்பர்

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் இந்தத் துறைக்குள் வந்தது பிடிஎம்எஸ் வழியாக. சிலிக்கோன் ரப்பர். பத்துக்கு ஒன்று என்று கலந்து, அச்சில் ஊற்றி, அடுப்பில் வைத்து, உரித்து எடுத்து, ஆக்சிஜன் பிளாஸ்மாவில் ஒரு நிமிடம் காட்டிக் கண்ணாடியின்மேல் வைத்தால் தானாகவே ஒட்டிக்கொள்ளும். ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழு 1998 இல் இந்த வழியை எழுதி வைத்தபிறகு உலகத்தில் பாதிப் பேர் நுண்பாய்மத்துக்குள் வந்ததே இந்தச் சுலபத்தால்தான். பிளாஸ்மா பட்ட ரப்பரின் மேற்பரப்பில் சிலனால் தொகுதிகள், அதாவது சிலிக்கானோடு சேர்ந்த ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடிகள், முளைக்கும், கண்ணாடியிலும் அதே தொகுதிகள், இரண்டும் தொட்டால் சிலிக்கான்-ஆக்சிஜன்-சிலிக்கான் பிணைப்பு. பசையும் இல்லை, சூடும் கட்டாயம் இல்லை. அதைவிட முக்கியம், அது ரப்பர். கீழே ஒரு தூசி கிடந்தால் அதைச் சுற்றி வளைந்து கொடுத்துவிட்டு மற்ற இடமெல்லாம் ஒட்டிக்கொள்ளும். நாம் செய்த தப்பையெல்லாம் அது வெளியே சொல்லாமல் மூடி மறைத்துவிடும்.

அதற்கான விலையை அது வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளும். எண்ணெய்ப் பாங்கான சிறு மூலக்கூறுகளை உறிஞ்சிக்கொள்ளும், மருந்தை ஓட விட்டால் எவ்வளவு மருந்து செல்லுக்குப் போனது, எவ்வளவு சுவருக்குள் போனது என்று தெரியாது. நீராவி வெளியேறும். பத்தாயிரம் சிப் வேண்டுமென்றால் அது ஊற்றி உரிக்கிற வேலையும் இல்லை. அதனால்தான் அக்ரிலிக், பாலிகார்பனேட், சிஓசி மாதிரியான கடின பிளாஸ்டிக்குகளுக்கு எல்லோரும் ஒருநாள் வந்து சேர்கிறார்கள். வந்த அன்றைக்குத்தான் ரப்பர் இத்தனை நாள் நம்மை எப்படிச் செல்லம் கொடுத்துக் கெடுத்திருக்கிறது என்பது தெரியும். கடின பிளாஸ்டிக் எதையும் மன்னிக்காது.

இரட்டைப் பக்க ஒட்டு ஃபிலிமைப் போட்டு ஒட்டிவிட்டுப் போகலாமே என்று சிலர் கேட்பார்கள். போகலாம். யூட்டா பல்கலைக்கழகத்தில் ஃபிலிமையும் டேப்பையும் கத்தி பிளாட்டரில், அதாவது கணினியில் வரைந்த கோட்டின்மேல் கத்தியை ஓட்டுகிற கருவியில், வெட்டி வாய்க்கால் செய்து 2005 இல் அதற்கு சூரோகிராஃபி என்று பெயரே வைத்தார்கள். சவரக்கத்திக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். நானும் ஒரு செயல்விளக்கத்துக்கு இரண்டே நாளில் அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன், ஒரு சொட்டும் கசியவில்லை. ஆனால் வாய்க்காலின் சுவர் முழுக்கப் பசை. செல் வளர்க்கிற சிப்பில், நாள்கணக்கில், அந்தப் பசையிலிருந்து என்ன கரைந்து வருகிறது என்று யார் உட்கார்ந்து நிரூபிப்பது? அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பசையில்லாத ஒட்டு என்று கிளம்பினேன்.

சூட்டைக் கூட்டு, இன்னும் கூட்டு

பிளாஸ்டிக் விறைப்பை விட்டு இளகத் தொடங்குகிற வெப்பநிலையை டிஜி என்போம். அக்ரிலிக்குக்கு அது ஏறக்குறைய 105 டிகிரி செல்சியஸ். இரண்டு பரப்புகளை அந்த வெப்பநிலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அழுத்தி வைத்தால் இந்தப் பக்கத்துச் சங்கிலி மூலக்கூறுகள் அந்தப் பக்கத்துக்குள் மெல்ல நுழைந்து பின்னிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் எல்லைக்கோடே இருக்காது. சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று பாம்புபோல் நெளிந்து ஊர்கின்றன என்கிற சித்திரத்தை 1971 இல் தந்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் பியர்-ஜில் டி ஜென். 1991 இல் இயற்பியல் நோபல் பெற்றவர். அந்தச் சித்திரத்திலிருந்து வருகிற ஒரு கணக்கை நான் முதல் நாளே சுவரில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும்: ஒட்டின் பலம் நேரத்தின் நான்காம் படிமூலமாகத்தான் ஏறும். அதாவது பலம் இரட்டிப்பாக வேண்டுமென்றால் பதினாறு மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் வராதது எட்டு மணி நேரத்தில் இரட்டிப்பாகும், அவ்வளவுதான். பொறுமையால் இங்கே பெரிதாக ஒன்றும் கிடைக்காது. சூடு அப்படியில்லை. டிஜியைத் தாண்டிச் சில டிகிரி ஏற்றினாலே சங்கிலிகள் பலமடங்கு வேகமாக ஊரும். இதைத் தெரிந்துகொண்டதும் என்ன செய்வேன்? சூட்டைக் கூட்டினேன்.

105, 110, 115. 115 இல் மீசை குறைந்தது, ஆனால் வேறொரு கூத்து தொடங்கியது. மூடி ஃபிலிம் இளகி வாய்க்காலுக்குள் தொங்கியது, நனைந்த துணி கொடியில் தொய்வது மாதிரி. 125 மைக்ரான் ஆழம் நடுவில் 100 ஆகிவிட்டது. கால்வாசிகூடக் குறையவில்லையே, போகட்டும் என்று தோன்றும். ஆனால் இப்படித் தட்டையான வாய்க்கால் ஓட்டத்துக்குக் கொடுக்கிற தடை ஆழத்தின் முப்படிக்குத் தலைகீழ். ஆழம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததற்குத் தடை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. சிரிஞ்ச் பம்புக்கு இதெல்லாம் தெரியாது. அதற்குச் சொன்னது நிமிடத்துக்கு இத்தனை மைக்ரோலிட்டர், அதைத் தள்ளியே தீருவேன் என்று அழுத்தத்தை ஏற்றும். ஏறின அழுத்தம் ஒட்டைப் பிளக்கும். கசிவை நிறுத்தக் கூட்டின சூடு கசிவுக்கே வழி செய்து கொடுத்தது என்பது புரிய எனக்கு இரண்டு வாரம் ஆனது.

இன்னொன்றும் நடந்தது. மூடியின் துளைகள் வாய்க்கால் முனைகளோடு பொருந்தவில்லை. வெட்டும்போது சரியாக இருந்தவை, ஒட்டி எடுத்தபின் 70 மில்லிமீட்டர் நீளத்தில் அரை மில்லிமீட்டர் தள்ளி நின்றன. வரைபடம் தப்போ, அடுக்கினது தப்போ என்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டும் சரி. சுருளில் வருகிற ஃபிலிம் உருளைகளுக்கு நடுவே இழுபட்டுப் பிறந்தது. இழுபட்ட வாக்கிலேயே சங்கிலிகள் உறைந்து கிடக்கும், டிஜியைத் தாண்டிச் சூடாக்கினால் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும், இழுத்த திசையில் சுருங்கும். பிளாஸ்டிக்குக்கு ஞாபகசக்தி உண்டு என்று கேலியாகச் சொல்வது இதைத்தான். இந்த ஞாபகத்தையே தொழிலாக்கினவர்களும் இருக்கிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மெர்சட் வளாகத்தில் மிஷெல் கைன் 2008 இல் செய்தது அப்படித்தான்: குழந்தைகள் விளையாடுகிற சுருங்கும் பாலிஸ்டைரீன் தாளில் லேசர் பிரிண்டரில் கோடு அச்சடித்து, ரொட்டி சுடும் சின்ன அடுப்பில் வைத்தார்கள். தாள் சுருங்கச் சுருங்க மைக்கோடு உயரமாக எழுந்தது, அதையே அச்சாக வைத்து பிடிஎம்எஸ் ஊற்றினார்கள். சுத்தமான அறை, விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்தக் கட்டுரையை நான் ரசித்துப் படித்தவள்தான். என் மூடி சுருங்கியபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை, திட்டத்தான் வந்தது.

சரி, டிஜிக்குக் கீழேயே ஒட்டுகிற வழியைப் பார்ப்போம் என்று ஐசோப்ரோப்பனால் என்கிற ஆல்கஹாலுக்கு மாறினேன். அறை வெப்பநிலையில் அது அக்ரிலிக்கை அவ்வளவாக ஒன்றும் செய்யாது, துடைக்கப் பயன்படுத்துவோம். 70 டிகிரிக்குக் கொண்டுபோனால் குணம் மாறும். மேற்பரப்பை மட்டும் சற்று இளக்கி, சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்ன இடம் கொடுத்துவிட்டு, ஆவியாகிப் போய்விடும். அடுக்குகளுக்கு நடுவே நனைத்து, காகிதங்களைக் கவ்வுகிற கறுப்புக் கிளிப்புகளைச் சுற்றிலும் மாட்டி, பதினைந்து நிமிடம் அடுப்பில். வாய்க்கால் தொங்கவில்லை, துளைகள் நகரவில்லை. அன்றைக்குச் சிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் வாய்க்காலின் ஓரங்களிலிருந்து மயிரிழை விரிசல்கள். சீப்பின் பற்கள் மாதிரி, வாய்க்காலுக்குச் செங்குத்தாக, வரிசையாக. மீசையும் இருந்தது. இப்போது இரண்டு நோய்.

புகார் எழுதப்போன இடத்தில்

இந்தக் கட்டத்தில் நான் வந்து சேர்ந்த முடிவு ரொம்ப வசதியானது: ஃபிலிம் சரியில்லை. சூட்டில் சுருங்குகிறது, ஆல்கஹாலில் விரிசல் விடுகிறது, ஒட்டவும் மாட்டேன் என்கிறது, வேறென்ன காரணம் இருக்க முடியும். விற்றவர்களுக்கு நீளமாக ஒரு புகார்க் கடிதம் எழுதத் தொடங்கினேன். "தங்கள் சுருளின் தரம்" என்றெல்லாம் ஆரம்பித்து மூன்று பத்தி போய்விட்டது. ஆதாரத்துக்குப் படம் வேண்டுமே. விரிசல் நேர் வெளிச்சத்தில் சரியாக விழவில்லை, அதனால் அறை விளக்கை அணைத்துவிட்டு மேசை விளக்கைத் தாழ்வாகச் சாய்த்து, கீழே கறுப்புத் தாள் வைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். எங்களோடு புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தக் கலர் கோடும் டிசைன்லயே இருக்கா?"

"எந்தக் கலர் கோடு?"

"இதோ, சேனலுக்கு ரெண்டு பக்கமும் வானவில் மாதிரி ஓடுதே."

ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான்கு மாதமாக நான் பார்க்காத ஒன்று. வாய்க்கால் எங்கெல்லாம் வளைகிறதோ அங்கெல்லாம் கூடவே வளைந்து, இரண்டு கரையிலும், அரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு நிறப் பட்டை. தூசி விழுந்தால் வட்ட வட்டமாக நிறம் தெரியும், அம்மைத் தழும்பு மாதிரி, அதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இது வட்டம் இல்லை. தூசி வாய்க்காலோடு சேர்ந்து திரும்பாது.

நிறம் தெரிகிற இடத்தில் ஒட்டு இல்லை என்று அர்த்தம். உண்மையாக ஒட்டின இடத்தில் இரண்டு பரப்பு என்பதே கிடையாது, ஒளி திரும்பி வர எல்லை இல்லை, தெளிவாக இருக்கும். மெல்லிய காற்றிடுக்கு இருந்தால் மேல்பரப்பிலும் கீழ்ப்பரப்பிலும் பட்டுத் திரும்புகிற ஒளி ஒன்றோடொன்று சேர்ந்தும் கழிந்தும் சோப்புக் குமிழியில் தெரிவதுபோல நிறம் காட்டும். பச்சை ஒளிக்கு, இடுக்கு கால் மைக்ரானுக்குச் சற்று மேல் மாறும்போதெல்லாம் ஒரு வளையம் திரும்ப வரும். வெள்ளை வெளிச்சத்தில் பளிச்சென்ற நிறம் தெரிய வேண்டுமென்றால் இடுக்கு ஒன்று இரண்டு மைக்ரானுக்குள் இருக்க வேண்டும், அதற்குமேல் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெளிறிப்போகும். என் பட்டையை லென்ஸில் பார்த்தபோது அப்படித்தான் இருந்தது. வாய்க்காலின் ஓரத்தை ஒட்டினாற்போல் வெளிறல், தள்ளிப் போகப் போக நிறம், கடைசியில் ஒரு கறுப்புக் கோடு, அதற்கப்பால் தெளிவு. அதாவது ஓரத்தில்தான் இடுக்கு பெரியது. ஏதோ ஒன்று வாய்க்காலின் விளிம்பில் நின்றுகொண்டு அடுக்குகளைத் தூக்கிப் பிடித்திருக்கிறது.

வெட்டிவைத்த, இன்னும் ஒட்டாத ஒரு நடு ஃபிலிமை எடுத்தேன். விரல் நகத்தை வாய்க்காலுக்குக் குறுக்கே மெதுவாக இழுத்தேன். பரப்பில் வழுக்கி வந்த நகம் விளிம்புக்குச் சற்று முன்னால் "டிக்" என்று எதிலோ தட்டியது. மறுபக்கம் திருப்பி இழுத்தேன், தட்டவில்லை. லேசர் படுகிற பக்கத்தில் அக்ரிலிக் உருகி, ஆவியாகாத மிச்சம் இரு கரையிலும் ஒதுங்கி உறைந்து மேடு கட்டியிருக்கிறது. அளந்து பார்த்ததில் எட்டு மைக்ரான் சுமார்.

இதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வரும். நானேதான் வாய்க்கால் வாய்க்கால் என்று எழுதிக்கொண்டிருந்தேன். வாய்க்கால் வெட்டினால் வரப்பு வராமல் எங்கே போகும்?

எட்டு மைக்ரான் செய்த வேலை

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக விளங்கியது. பம்ப் நின்றபிறகும் மீசை எப்படி வளர்ந்தது? வரப்பு தூக்கிப் பிடித்த இடுக்கு ஆப்பு மாதிரி போகப் போகக் குறுகுகிறது. தண்ணீருக்கு அக்ரிலிக்கில் ஓரளவு ஒட்டும் குணம் உண்டு, இடுக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு பலமாக உறிஞ்சும். ஒரு மைக்ரான் இடுக்கின் உறிஞ்சுவிசை 125 மைக்ரான் வாய்க்காலினுடையதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு. யாரும் தள்ள வேண்டியதில்லை, தண்ணீர் தானாகவே வாய்க்காலை விட்டு இடுக்குக்குள் போகும். நான் நோட்டில் "ஒட்டு போதவில்லை" என்று எழுதினது தப்பு. ஒட்டின இடமெல்லாம் நன்றாகவே ஒட்டியிருந்தது, பிரித்துப் பார்த்தபோது ஃபிலிம் கிழிந்ததே தவிர உரியவில்லை. எங்கே ஒட்டியே ஆக வேண்டுமோ அந்த விளிம்பில் இரண்டு பரப்பும் ஒன்றையொன்று தொடவே இல்லை. தொடாத இரண்டைச் சூடாக்கி என்ன பயன்?

இன்னொரு கோமாளித்தனமும் தெரிந்தது. வெட்டி முடித்ததும் தாங்கு தாளிலிருந்து உரித்துக் கவிழ்த்து அடித் தகட்டின்மேல் வைப்பது என் பழக்கம், அதுதான் கைக்குச் சுலபம். அதனால் வரப்புள்ள பக்கம் எப்போதும் ஒரு மில்லிமீட்டர் தகட்டைப் பார்த்திருந்தது. ஒரு தகடு வளைய மறுப்பது அதன் தடிமனின் முப்படியைப் பொறுத்தது. ஒரு மில்லிமீட்டர் தகடு 125 மைக்ரான் ஃபிலிமைப்போல் எட்டு மடங்கு தடிமன், ஆகவே 512 மடங்கு விறைப்பு. மேட்டைக் கொண்டுபோய் இருப்பதிலேயே பிடிவாதக்காரனிடம் மோதவிட்டுக்கொண்டிருந்தேன். முதல் வைத்தியமாக நடு ஃபிலிமை வெறுமனே திருப்பிப் போட்டேன், வரப்பு மூடிப் பக்கம் வருகிறமாதிரி. வேறு எதையும் மாற்றவில்லை. மெல்லிய மூடி வரப்பின்மேல் வளைந்து அமர்ந்ததில் பட்டையின் அகலம் பாதிக்கும் கீழே போனது. நான்கு மாதம் சூட்டோடும் அழுத்தத்தோடும் மல்லுக்கட்டிக் கிடைக்காதது ஒரு ஃபிலிமைத் திருப்பிப் போட்டதில் கிடைத்தது.

மிச்சத்துக்கு வரப்பையே எடுக்க வேண்டும். புது பிளேடைப் பரப்போடு படுக்கவைத்து, வாய்க்காலின் போக்கிலேயே, அழுத்தாமல் சீவ வேண்டும். குறுக்கே சீவினால் விளிம்பு பெயரும், பிளேடைக் கொஞ்சம் தூக்கினால் கீறல் விழும், அந்தக் கீறலே புது வாய்க்கால் ஆகிவிடும். சீவும்போது நூலைவிடச் சன்னமான சுருள் ஒன்று பிளேடு முனையில் சுருண்டு வரும். அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம். சீவலின் தூள் பரப்பில் ஒட்டிக்கொள்ளும், ஊதினால் போகாது, வேறு ஒரு ஒட்டு டேப்பை வைத்து எடுத்துவிடுவேன்.

விரிசலுக்கு வருகிறேன். சீவி முடித்ததும் பழக்கதோஷத்தில் ஐசோப்ரோப்பனாலில் துடைத்தேன், கண் முன்னாலேயே விளிம்பில் சீப்புப் பற்கள் முளைத்தன. ஒட்டவும் இல்லை, சூடாக்கவும் இல்லை, வெறும் துடைப்பு. அப்போதுதான் இரண்டாவது நோயும் அதே விளிம்பில்தான் இருக்கிறது என்று உறைத்தது. லேசர் விளிம்பை மட்டும் ஒரு நொடியில் உருக்கிவிட்டுப் போகிறது. சுற்றியுள்ள குளிர்ந்த பிளாஸ்டிக் அசையாமல் பிடித்திருக்க, உருகின ஓரம் ஆறும்போது சுருங்கப் பார்க்கிறது, முடியாமல் இழுவிசையோடு உறைந்துவிடுகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. ஆல்கஹால் பட்டதும் சங்கிலிகளின் பிடி சற்றே தளர்கிறது, உள்ளே இருந்த இழுவை அந்த இடத்தைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. பிளாஸ்டிக் தொழிலில் இருப்பவர்களுக்கு இது அரிச்சுவடி. லேசரில் வெட்டின அக்ரிலிக்கை ஆல்கஹாலில் துடைக்காதே என்று விளம்பரப் பலகை செய்கிறவர்கள்கூடச் சொல்வார்கள். நான் ஒட்டுவதற்கு நம்பி எடுத்த திரவமே வெட்டின விளிம்பைப் பிளக்கிற திரவம்.

மருந்து சின்னதுதான். சீவின ஃபிலிமை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து 80 டிகிரியில் நான்கு மணி நேரம், டிஜிக்கு நன்றாகக் கீழே, அதனால் வடிவம் கெடாது, சுருங்காது. அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு உள்ளேயே ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் திடீர்க் குளிரில் புது இழுவை சேரும். உறைந்த இழுவை தளர்ந்துவிடுகிறது. ஒரு உபலாபமும் உண்டு, அக்ரிலிக் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் பிளாஸ்டிக், அந்த ஈரமும் இதில் போய்விடும். அதற்குப்பின் அதே ஐசோப்ரோப்பனால், அதே 70 டிகிரி, அதே கறுப்புக் கிளிப்புகள். சொல்லப்போனால் கிளிப்புகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தேன். சாயத்தை ஏற்றி, பம்பை நிறுத்தி, வாரக் கடைசி முழுக்க அப்படியே விட்டுவிட்டுத் திங்கட்கிழமை வந்து பார்த்தேன். வாய்க்காலின் கரை கத்தியால் வரைந்த மாதிரி இருந்தது.

ஒரு வரி

இப்போது யாராவது ஒட்டு நிற்கவில்லை என்று வந்தால் நான் வெப்பநிலையைக் கேட்பதில்லை. எதை வைத்து வெட்டினீர்கள், எந்தப் பக்கம் மேலே இருந்தது, ஒட்டும்போது எந்தப் பக்கத்தை எங்கே வைத்தீர்கள் என்று கேட்கிறேன். கத்தி பிளாட்டரில் வெட்டினாலும் விளிம்பு பிதுங்கும், சூட்டு அச்சில் அழுத்தினாலும் ஒதுங்கின பிளாஸ்டிக் எங்காவது மேடு கட்டும். ஒட்டுவது கடைசி வேலை என்று நினைப்பதால்தான் கடைசியில் வந்து மாட்டிக்கொள்கிறோம். வெட்டுகிற நேரத்திலேயே பாதி ஒட்டு முடிந்துவிடுகிறது, அல்லது கெட்டுவிடுகிறது. சாய்த்து வைத்த விளக்கும் கறுப்புத் தாளும் இப்போது எங்கள் மேசையில் நிரந்தரம். பர்ஸ்ட் டெஸ்ட் என்று அழுத்தத்தை ஏற்றி உடைத்துப் பார்க்கிறவர்கள் செய்யட்டும், தேவைதான். ஆனால் உடைக்கும் முன் ஒரு தடவை சாய்த்துப் பார்த்துவிடுங்கள், சிப்பே சொல்லிவிடும்.

கட்டுரைகளை எழுதுகிறவர்கள்மேல் எனக்கு இருந்த கோபத்தைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எங்கள் கட்டுரையை எழுதும்போது இந்த வரப்பு, சீவல், 80 டிகிரி எல்லாவற்றையும் வைத்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். முதல் திருத்தத்தில் அது ஒரு பத்தி ஆனது. "இது செய்முறைக் குறிப்புதானே, புதுசு ஒன்றும் இல்லையே" என்றார்கள், அதிலும் தப்பில்லை, எதுவும் புதுசில்லைதான். இரண்டாம் திருத்தத்தில் பக்க வரம்பு வந்து நின்றது. எதை எடுக்கலாம் என்று தேடியபோது என் கையே அந்தப் பத்தியின்மேல்தான் போனது. கடைசியில் அச்சில் வந்தது: "வெட்டிய ஃபிலிம்கள் பதப்படுத்தப்பட்டு, கரைப்பானின் உதவியுடன் ஒட்டப்பட்டன."

புகார்க் கடிதம் வரைவில் அப்படியே கிடக்கிறது, "தங்கள் சுருளின் தரம்" என்று. அழிக்க மனசு வரவில்லை. சிப்பின் வாய்க்கால் இப்போது கசிவதில்லை, அது உண்மை. மூடித் துளையில் குழாய் செருகுகிற இடத்தில்தான் சொட்டுகிறது. அந்த வானவில்லைக் காட்டின பெண் நேற்று துளையின் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இங்கயும் தட்டுதுக்கா" என்றாள்.